உங்கள் தங்கச்சிக்காகச் செய்த படி

என் அருமை அப்பா,

உங்கள் அவசரக்காரன் எழுதுகிறேன். வேலையைத் தொடங்க முன்பே அது இன்னும் முடியவில்லையே என்று எரிந்து விழுகிறவன் என்று என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பீர்களே, அதே ஆள்தான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உங்களுக்குத் தெரியாத செய்திகள் இருக்கின்றன. சொல்லிவிடுகிறேன்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் போனது பனி கொட்டிய மாதத்தில். அந்த வருடம் வைகாசியில் எல்லாம் ஓய்ந்தது. வேலையால் வந்து கைகூடக் கழுவாமல் செய்தி பார்ப்பீர்களே, அந்தத் தொலைக்காட்சியை அம்மா அன்று தொடவே இல்லை. ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் ஆட்களின் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். மறுநாள் காற்றாலைத் தொழிற்சாலையில் ஒரு டேனிஷ்காரன் தேடி வந்து எனக்குக் கைகொடுத்தான். "உங்கள் நாட்டில் இனிச் சமாதானம், நல்லது" என்றான். நல்ல மனிதன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் கையிலிருந்த போல்ட்டைக் காட்டி வேறு கதை கதைத்தேன்.

அடுத்த செய்தி உங்களுக்கே உரியது. ராணி மாமி உயிரோடு இருக்கிறார். உங்கள் ஒரே தங்கச்சி. கடைசி நாட்களில் மூச்சு வாங்க வாங்க, "ராணி எடுத்தவளோ?" என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களே, அந்த ராணி.

அவர் எடுக்கவில்லைதான். எடுக்க முடியாத இடத்தில் இருந்தார். வன்னிக் கடற்கரையில் ஷெல் விழுந்து மாமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காயக்காரரை ஏற்ற வந்த கப்பலில் அவரையும் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு முகாம். சண்டை முடிந்ததை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டார். நீங்கள் போனதை அதற்கும் பிறகுதான் கேட்டார். எந்தச் செய்தி தன்னை விழுத்தியது என்று அவர் இதுவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முகாமால் வெளியே விட்டதும் ரூபன் மச்சான் தாயை நோர்வேக்குக் கூப்பிட்டுவிட்டார். அங்கே நல்லதொரு பொய்க்கால் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நடந்து பழகியதும் மாமி முதல் வேலையாக எங்கள் வீட்டுக்குத்தான் தொலைபேசி எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சாள், அண்ணையைப் புதைச்ச சேமக்காலைக்கு ஒருக்காப் போகவேணும். அதுக்குத்தான் வாறன்."

"வாங்கோ, வாங்கோ. கேம்பர் வண்டியில கூட்டிக்கொண்டு போவம். உங்களுக்கெண்டுதானே அவர் அதை வாங்கினவர்."

"ஒண்டு மட்டும் இப்பவே சொல்லிப்போடுறன். என்னை ஆரும் தூக்கக்கூடாது. தூக்கினால் வந்த கப்பலிலயே திரும்பிப் போயிடுவன்."

அம்மா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரூபன் மச்சான் தனியாக எனக்கு எடுத்தார். "மச்சான், அம்மா பகிடிக்குச் சொல்லேல்ல. விமான நிலையத்தில ஒரு பெட்டை உதவி செய்யிறன் எண்டு கமக்கட்டுக்க கையைக் குடுத்தவள். அம்மா கைத்தடியால அடிச்சுப்போட்டா." கடற்கரையில் காயக்காரரை அப்படித்தான் கமக்கட்டில் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார்களாம். மூட்டை மாதிரி. உயிர் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே மாதிரி. அதன் பிறகு மாமியை யாரும் தூக்கியது கிடையாது. தூக்க அவர் விட்டதும் கிடையாது. ரூபன் மச்சான் இன்னொன்றும் சொன்னார். வெட்டிய இடத்தில் தோல் இன்னும் மெல்லிசு. ஒருமுறை விழுந்தால் திரும்ப ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம்.

ஆகத் தூக்கவும் கூடாது, விழவும் கூடாது. காரில் கூட்டி வரலாமே என்றேன். கனநேரம் காலை மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது, இடையில் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும், கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் உங்கள் கேம்பர்தான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுகிற உங்கள் பழைய பெட்டி வண்டி. சமாதான காலத்தில், வன்னிக்குப் பாதை திறந்திருந்தபோது, "ராணி வந்தால் ஊரெல்லாம் காட்டவேணும்" என்று வாங்கினீர்கள். அம்மா சண்டை பிடித்தார். நான் என்ஜினைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அவர் வருவார் என்று உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?

வண்டி ஓடும், அப்பா. படிதான் ஓடாது. கதவுக்குக் கீழே சுவிட்சைத் தட்டினால் வெளியே நீள வேண்டிய அந்த இரும்புப் படி. நீங்கள் போன பிறகு நான் தார்ப்பாயை விலக்கிச் சுவிட்சைத் தட்டிய முதல் நாள், மோட்டர் முனகியது, படி பாதி வந்து ஒருபக்கம் சரிந்துகொண்டு தொங்கியது. கதவோ என் தொடை உயரத்தில்.

"பிளாஸ்ரிக் ஸ்டூல் ஒண்டு வைப்பம்" என்றார் அம்மா.

"ஸ்டூல் பிரளும்."

"அப்ப பலகை ஒண்டு சாத்துவம்."

"பலகை வழுக்கும்."

"நீ எல்லாத்துக்கும் இல்லை, இல்லை எண்டு சொல்லு. ராணி மச்சாள் பறந்து ஏறட்டும்."

சரி என்று மட்டை விரித்துக் கீழே படுத்தேன். முதலில் ஃபியூஸ். நல்லது. சுவிட்ச் நல்லது. மோட்டரைத் தனியே கழற்றி மின்சாரம் கொடுத்தேன், சுற்றுகிறது. திரும்பப் பூட்டினால் அசையாது. ஆனால் பின்னேரம், வெயில் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு, கோபத்தில் சுவிட்சைத் தட்டினால் வெண்ணெய் மாதிரி வந்தது. மறுநாள் காலை திரும்ப அசையவில்லை. பின்னேரம் வந்தது. எனக்கு விசர் பிடித்தது. எங்கேயோ வயர் தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். குளிருக்கும் வெயிலுக்கும் கம்பி இவ்வளவு சுருங்கி விரியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் வேறு என்ன?

கடைசியில் படியின் கைகள் மடிகிற பிணைச்சலை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். வெள்ளையாக மெழுகு மாதிரி ஒன்று சுருண்டு வந்தது. கிரீஸ் வெள்ளையாக இருக்காதே என்று மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

அப்பா, தேங்காய் எண்ணெயா பூசினீர்கள்?

டென்மார்க்கில்? குளியலறைத் தட்டில் இருக்கிற போத்தலே வருடத்தில் முக்கால்வாசி நாள் கட்டியாய்க் கிடக்கும், அதை வெந்நீரில் வைத்துத்தான் தலைக்குத் தடவுவீர்கள். அதே எண்ணெயைக் கொண்டுபோய் இரும்புக்குப் பூசியிருக்கிறீர்கள். பூசியது ஒரு கோடை நாளாக இருக்க வேண்டும். அன்று படி சத்தமில்லாமல் நீண்டிருக்கும். சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருப்பீர்கள். குளிர் வந்ததும் உறைந்துவிட்டது. வெயில் பட்டால் இளகும், மாறினால் உறையும்.

நான் கீழே கிடந்து சிரித்த சத்தம் கேட்டு அம்மா குனிந்து பார்த்தார். "என்னடா?"

"உங்கட மனுசன் படிக்கு எண்ணெய் வைச்சுத் தலை இழுத்து விட்டிருக்கிறார்."

"ஓமடா, ஒருநாள் போத்திலோட வெளியில போனவர். நான் நினைச்சன் பக்கத்து வீட்டு நாய்க்கு ஏதோ புண்ணாக்கும் எண்டு." அம்மா கையை நீட்டி அந்த மெழுகை வாங்கி முகர்ந்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். உங்கள் தலையணையில் அந்த வாசம் போய்க் கனகாலம்.

கொதிநீர் ஊற்றி உருக்கித் துடைத்தேன். அப்போதுதான் உண்மையான பழுது தெரிந்தது. படியைத் தாங்குகிற இடது கையில், வெல்டிங் பிடித்த இடத்தில், நகம் நுழைகிற அளவு வெடிப்பு. உள்ளே துரு ஏறிக் கறள். ஏன் இடது பக்கம் மட்டும்? வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கிறதே? படியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சட்டென்று விளங்கியது.

டேனிஷ்காரர்கள் சப்பாத்தோடு ஏறி உள்ளே போய்விடுவார்கள். ஒரு கணம் ஒரு கால், அவ்வளவுதான். இந்தப் படியைச் செய்தவன் அதற்குத்தான் கணக்குப் போட்டான். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? படியில் ஏறி நிற்பார்கள். வலது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து, இடது ஓரத்தில் முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் போட்டு, மற்றக் காலைத் தூக்கிச் சப்பாத்து லேஸை அவிழ்ப்பார்கள். லேஸ் முடிச்சு விழுந்திருந்தால் அங்கேயே நின்று கதைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள். ஜெபக்கூட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சில்க்போர்க் ஏரிக்குப் போவீர்களே, அத்தனை பேரும் வரிசையாக அதே ஓரத்தில் அதே கூத்து. பாஸ்டர் அங்கிள் நூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். அவர் அந்த ஒற்றைக் காலில் நின்றபடியே பயண ஜெபம் வேறு செய்வார். பாவம் அந்த இரும்பு.

பழைய கைகள் இரண்டையும் வெட்டி எறிந்தேன். ஃபோர்மனிடம் கேட்டு வேலைத்தலத்தில் தடித்த தகட்டில் புதுக் கைகள் வெட்டினேன். அவற்றை நானே வெல்ட் பண்ணி, வண்டியின் சட்டத்தோடு ஒரு தகடு வைத்து இறுக்கினேன். பிணைச்சலுக்குப் புதுப் பின் ஆணி, ஒழுங்கான கிரீஸ். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"படியில ஏறி நிண்டு குதியுங்கோ."

"நான் ஏன்டா குதிக்கவேணும்?"

"நிறை பாக்க. நானும் ஏறுறன். ரெண்டு பேரும் ஒண்டாக் குதிப்பம்."

"தாயைக் குதிக்கவிட்டுச் சோதிக்கிற எஞ்சினியரை உலகத்தில எங்கயும் நான் காணேல்ல." ஆனாலும் குதித்தார். சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. நீங்கள் போன பிறகு அம்மா சத்தமாகச் சிரித்தது அன்றுதான். படி அசையவில்லை.

எனக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. பொய்க்காலைச் சப்பாத்தின் குதி உயரத்துக்குத்தான் சரிபார்த்துப் பூட்டுவார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதி தாழும், உடம்பு பின்னுக்குச் சாயும். சமதரையில் என்றால் சமாளிக்கலாம். படியின் ஓரத்தில் நின்றுகொண்டு என்றால் நேராகப் பின்னால் விழ வேண்டியதுதான். ரூபன் மச்சானுக்கு எடுத்து, "மாமியைச் சப்பாத்தோட ஏறச் சொல்லுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். "நீயே சொல்லு. நான் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோட இருக்கவேணும்."

ஆனி மாதத்து நல்ல நாளொன்றில் நானும் அம்மாவும் ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்துக்கு ஓடினோம். அம்மா வழி முழுக்க இடியப்பப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். துறைமுகத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. நோர்வேயிலிருந்து வந்த கப்பல் வாயைத் திறந்தது. கார்களும் லொறிகளும் வெளியே வந்துகொண்டே இருந்தன. அவ்வளவு பெரிய இரும்பு மிதக்கிறதே என்று சின்ன வயதில் கேட்டபோது, "கடவுள் தாங்குறார்" என்று சொன்னீர்கள். நான் பிறகு படித்து அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் நிறை என்று உங்களைத் திருத்தினேன். அன்று எனக்கு இரண்டில் எதுவும் ஞாபகம் வரவில்லை. நடந்து வருகிற ஆட்களின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உயரமான நோர்வேக்காரர்களுக்கு நடுவில், சீலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, கைத்தடியோடு ஒருவர் வந்தார். அப்பா, நீங்கள் வந்தீர்கள். அந்த நெற்றி, அந்தப் புருவம், எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி ஒருபக்கம் சாய்ந்த தலை. உங்கள் முகத்தை ஒரு பெண்ணின் கழுத்துக்கு மேல் வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, இப்போது தெரியும். நான் எதற்கும் வாய் பிளக்கிறவன் இல்லை. அன்று பிளந்தபடி நின்றேன். அம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். ரூபன் மச்சான் பின்னால் பைகளோடு நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

மாமி என்னைப் பார்க்க முதல் வண்டியைப் பார்த்தார். கிட்டே வந்து உள்ளங்கையால் அதன் பக்கத்தைத் தடவினார். "இதுவோ அண்ணன்ர?"

"ஓம் மாமி."

"ஓடுமோ?"

"ஓடித்தானே வந்தனாங்கள்."

"அண்ணன் வாங்கினது எண்டபடியால் கேட்டன்" என்றார். அம்மா கண்ணீரோடு சிரித்தார்.

சுவிட்சைத் தட்டினேன். படி சத்தமில்லாமல் நீண்டு நின்றது. "மாமி, சப்பாத்தோடயே ஏறுங்கோ."

"அண்ணன்ர வீட்டுக்குள்ள சப்பாத்தோடயோ?"

"இது வீடு இல்லை மாமி. வாகனம்."

"அடுப்பு இருக்கோ?"

"ஓம்."

"படுக்கை?"

"ஓம், ஆனா..."

"பிறகென்ன? வீடுதான்."

நான் குதி உயரம், சாய்வு, பாரம் விழுகிற இடம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். மாமி கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "மச்சாள், உங்கட பிள்ளைக்கு என்ர காலைப் பற்றி என்னைவிட நல்லாத் தெரியுது."

"அவன் விடமாட்டான் மச்சாள். என்னையும் குதிக்கவிட்டவன்."

நான் மாமிக்குப் பின்னால் போய், விழுந்தால் பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கையை எடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் எடுத்துவிட்டேன்.

பிறகு அவர் செய்ததை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். மாமி கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கைத்தடியை அம்மாவிடம் கொடுத்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி மெல்லத் தாழ்ந்து, படியில் குந்தி இருந்துவிட்டார். நான் இரும்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இடது கால் சப்பாத்தைக் கழற்றி நிலத்தில் ஒழுங்காக வைத்தார். சீலையைக் கொஞ்சம் விலக்கி, பொய்க்காலின் பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தி, முழுக்காலையும் சப்பாத்தோடு உருவி எடுத்து, மற்றச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் பின்னால் கதவு நிலையில் ஊன்றினார். இடது காலால் நிலத்தை ஒரு உதை. உடம்பு எழும்பியது. அவ்வளவுதான், அப்பா. மாமி வீட்டுக்குள் இருந்தார்.

மூச்சு வாங்கியது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப சொல்லு மருமோன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தானே ஏறினனான்?"

அம்மாவும் ரூபன் மச்சானும் பின்னால் ஏறினார்கள். துறைமுகத் தார்த்தரையில் மச்சானின் ஒரு சோடிச் சப்பாத்து, அம்மாவின் செருப்பு, ஒற்றைச் சப்பாத்து ஒன்று, அதற்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கால். பக்கத்து வண்டியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த டேனிஷ் கிழவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்து, "அருமை" என்று தன் மொழியில் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"நல்லாச் செய்தீங்களாம்."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அவரையும் உள்ள வரச்சொல்லு. தேத்தண்ணி குடிக்கட்டும்."

"மாமி, உப்பிடி ஏற எங்க பழகினீங்கள்?" என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரியாது, சட்டென்றுதான் கேட்பேன்.

"பங்கர்க் குழிக்குள்ளதான். கால் போன பிறகும் கப்பல் வரும்வரைக்கும் அங்கதானே கிடந்தனான். தண்ணிக்கு, கஞ்சிக்கு, வெளிக்குப் போக, எல்லாத்துக்கும் கையால ஊண்டி எத்தித்தான் மேல வாறது. ஷெல் வந்தால் திரும்ப உள்ள. தூக்கிவிட அங்க ஆருக்கு ரெண்டு கை மிச்சமிருந்தது?" சொல்லிவிட்டு அம்மாவின் இடியப்பப் பெட்டியைத் திறந்தார். "சம்பல் கொண்டு வந்தனீங்களே மச்சாள்?"

நான் வெளியே நின்றேன். ஒரு காற்றாலை இறக்கை எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அப்பா. புதுக்கால் வைத்திருந்த அந்த உடம்பு எதைத் தாங்கியது என்று சொல்ல என்னிடம் ஓர் அளவும் இல்லை.

"என்ர காலை எடுத்துத் தாடா, அதை ஏன் குளிருக்க நிக்கவிட்டிருக்கிறாய்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எடுத்தேன். பாரமாக இருக்கும் என்று நினைத்து எடுத்ததால் கை மேலே போய்விட்டது. அவ்வளவு இலேசு. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத் தா." நிலத்தில் முழங்காலிட்டு லேஸை அவிழ்த்து, மாமியின் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினேன். எனக்கு அவசரமே வரவில்லை. உலகத்தில் வேறொரு வேலையும் இல்லாதவன் மாதிரி அவிழ்த்தேன்.

ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வரும்வரை மாமி படுக்கையில் சாய்ந்து யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். வயல், மாடு, காற்றாலை. "இவ்வளவு வெளி" என்று ஒருதரம் சொன்னார். சேமக்காலையில் இறங்கும்போது காலைப் பூட்டிக்கொண்டு, இருந்தபடியே படிக்கு வழுகி, சப்பாத்துப் போட்டு எழும்பினார். அங்கே பாதை முழுக்கச் சின்னக் கல். கைத்தடி புதைந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. மெல்ல, மெல்ல, தானாகவே உங்களிடம் வந்து சேர்ந்தார்.

அழுவார் என்று நினைத்தோம். அம்மா கைக்குட்டை எடுத்து வைத்திருந்தார். மாமி உங்கள் பெயர் வெட்டிய கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து அறையில் இருக்கிறவரோடு கதைக்கிற குரலில் சொன்னார்.

"அண்ணை, அங்க என்னைத் தூக்கிப் போட்டவங்கள். இங்க நான் ஏறி வந்தனான்."

அவ்வளவுதான். கேட்டதா உங்களுக்கு? நாங்கள் ஜெபம் செய்தோம். மாமி கண்ணை மூடவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாமி இப்போது நோர்வேக்குத் திரும்பிவிட்டார். நேற்று எடுத்தார். அடுத்த கோடையில் திரும்ப வருகிறாராம், அண்ணன் காட்டுவேன் என்று சொன்ன ஊரெல்லாம் பார்க்க. "அப்ப நான் நிண்டுகொண்டு ஏறுவன், பார்" என்றார். அங்கே ஆஸ்பத்திரியில் படி ஏறப் பழக்குகிறார்களாம். இரண்டு தரம் விழப் பார்த்தாராம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. இந்தக் குளிர்காலத்தில் கீழே இன்னொரு தட்டுப் பூட்டி உயரத்தைப் பாதியாக்குவேன். கதவின் இரண்டு பக்கமும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் பிடி வைப்பேன். வெறுங்காலுக்கும் பிடிக்கிற மாதிரிப் படியின் மேல் சொரசொரப்பாக ஒன்று ஒட்டுவேன். அதெல்லாம் எனக்கு வரும் வேலை. வராத வேலை ஒன்று இருக்கிறது, அதையும் செய்வேன். மாமி அதில் கால் வைக்கும்போது, நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் இருந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்துக்கொண்டு இருப்பேன்.

உங்கள் மகனும்,
உங்கள் தங்கச்சி ராணியின் மருமகனும்.